புனிறும் துணிபும்
மகப்பேற்றுக் காலத்தில் தாயின் முடிவுரிமை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

கருவுற்ற நாள் தொடங்கி, ஈன்ற குழவி தளர்நடை பயிலும் நாள்வரை, ஒரு தாய் தன் உடல்நலம் பற்றியும் தன் சேயின் உடல்நலம் பற்றியும் எண்ணிறந்த முடிவுகளை எதிர்கொள்கின்றாள். எதனை உண்பது, எதனை விலக்குவது, எங்கே ஈனுவது, யாரை அழைப்பது, குழவிக்கு முதலில் எதனைப் புகட்டுவது, நோயுற்றால் எவ்விடம் செல்வது என்பன அவற்றுட் சில. இம்முடிவுகளைத் தாய் எங்ஙனம் செய்கின்றாள் என்பது மருத்துவத் துறையாரும் சமூகவியலாரும் இன்று விரிவாக ஆராய்ந்துவரும் பொருளாகும். அவர்தம் ஆராய்ச்சி பெரும்பாலும் நிகழ்காலத்தோடு நின்றுவிடுகின்றது. தமிழ்நிலத்தைப் பொறுத்தவரை, இப்பொருளுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இலக்கியச் சான்றும் சொற்சான்றும் உள்ளன. அவற்றைத் தொகுத்து நோக்குதல் தமிழ் பயில்வார் கடனாகும்.

‘பண்டைத் தாய் அறியாமையால் மரபைப் பின்பற்றினாள்; இற்றைத் தாய் அறிவால் மருத்துவமனையை நாடுகின்றாள்’ என்பது பலரும் கொண்டுள்ள எளிய கருத்து. சான்றுகள் இக்கருத்தை அரண் செய்யவில்லை. மகப்பேற்றுக் காலத் துணிபு, அறிவு அறியாமை என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்வதாக எக்காலத்தும் இருந்ததில்லை. யாருடைய கையை நம்புவது என்பதே அன்றும் இன்றும் அடிப்படை வினாவாக இருந்துவந்துள்ளது. அந்நம்பிக்கையைப் பெற்றவர் தாயின் குரலுக்கு இடம் தந்தனரா என்பது அதனைத் தொடர்ந்து எழும் வினா. இவ்விரு வினாக்களையும் முன்னிறுத்தி இக்கட்டுரை அமைகின்றது.

2. வயாவும் புனிறும்

மகப்பேற்றைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் இரண்டு ஈண்டு முதன்மையாகக் கருதத்தக்கன. ஒன்று வயா; மற்றொன்று புனிறு. இவ்விரண்டிற்கும் தொல்காப்பியம் உரியியலிற் பொருள் உரைக்கின்றது. வயா என்பது வேட்கையின் பெருக்கம்; புனிறு என்பது ஈன்ற அணிமை. முன்னது கருவுற்ற காலத்திற்கும், பின்னது ஈன்ற காலத்திற்கும் உரியனவாய் வழங்கின.

வயா என்னும் சொல்லும் அதன் வேறு வடிவமாகிய வயவு என்பதும் சங்கப் பாட்டுகளில் கருவுற்ற மகளிரின் உணவு வேட்கையைச் சுட்டுகின்றன. கச்சிப்பேட்டு நன்னாகையார் என்னும் பெண்பாற் புலவர், குறுந்தொகை 287ஆம் பாட்டில், நீர் முகந்து வானில் ஏற இயலாது தளரும் மேகத்திற்குப் புளிச்சுவையை விரும்பும் நிறைசூல் மகளிரை உவமையாக்குகின்றார். புறநானூற்று 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் வேட்கையால் உண்பதன்றிப் பகைவர் உண்ணார் எனப் புகழ்கின்றார். மண் தின்னும் இவ்வேட்கை இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையதாகப் பல நாடுகளிலும் காணப்படுவது என்று இன்றைய மருத்துவம் கூறும். அரசனைப் புகழும் பாட்டில் இத்துணை இயல்பாக இச்செய்தி வருதலால், கருவுற்றாள் விரும்பியதை உண்ணுதல் எவராலும் தடுக்கப்படாத வழக்காக இருந்தது என்பது போதரும்.

கருவுற்ற காலத்தில் தாயின் விருப்பமே வீட்டை இயக்குகின்றது. பிற்காலத்தில் மசக்கை என்று வழங்கிய நிலையிலும், வளைகாப்பு நாளிற் பலவகைச் சோறு சமைத்து அளிக்கும் வழக்கிலும் இக்கருத்தின் தொடர்ச்சியைக் காணலாம். குழந்தை பிறந்ததும் நிலை முற்றும் மாறுகின்றது. ஈன்றவள் எதனை உண்ணலாம், எத்துணை நீர் பருகலாம், எப்பொழுது தலைக்கு நீராடலாம் என்பனவற்றை அவள் தீர்மானிப்பதில்லை; பத்தியம் தீர்மானிக்கின்றது; பத்தியத்தை மூத்த மகளிர் தீர்மானிக்கின்றனர். வயாக் காலத்தில் ஆணையிட்ட வாய், புனிற்றுக் காலத்தில் ஆணைக்கு உட்படுகின்றது. வயா வேட்கையைக் குறிக்கும் சொல். புனிறு காலத்தையும் நிலையையும் குறிக்கும் சொல். முன்னதில் தாயின் உள்ளம் உண்டு. பின்னதில் அவள் உடல் மட்டுமே உண்டு. சொற்பொருளில் உள்ள இவ்வேறுபாடு வழக்கிலும் உள்ளமை நோக்கத்தக்கது.

3. புனிற்று இல்லம்

ஈன்றவள் வாழும் இல்லத்தின் முழுமையான காட்சியை நற்றிணை 40ஆம் பாட்டு நமக்குத் தருகின்றது. காவலமைந்த மனையில் மணி ஒலிக்கின்றது. மணல் பரப்பிய பந்தரில் பாணர் காவல் பூண்டுள்ளனர். ஒருபால் மகளிர் விரிச்சி கேட்டு நிற்கின்றனர். மெல்லிய படுக்கையில் செவிலியோடு புதல்வன் உறங்குகின்றான். வெண்சிறுகடுகாகிய ஐயவியும் நெய்யும் பூசி நீராட்டப்பெற்ற தாய், இமை பொருந்த உறங்குகின்றாள். நள்ளிரவிற் கணவன் கள்வனைப் போல வந்து சேர்கின்றான்.

இக்காட்சியைப் பணிப் பகுப்பாக நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். காவல் பாணரிடம் உள்ளது. வருவது கூறும் நிமித்தம் மகளிரிடம் உள்ளது. குழவி செவிலியின் அணைப்பில் உள்ளது. மனைக்குரியவனாகிய தலைவனே தன் வீட்டிற்குள் மறைந்து நுழைய வேண்டியவனாக உள்ளான். இவ்வனைத்தும் தாயின் பொருட்டே நிகழ்கின்றன. ஆயின் தாய் உறங்குகின்றாள். 370ஆம் நற்றிணைப் பாட்டிலும் சுற்றம் சூழ்ந்த முதற்சூல், நெய்யும் ஐயவியும் ஆகிய இவையே வருகின்றன. ஆண்டுத் தலைவன் தன் பழைய நிகழ்ச்சியைப் பாணனுக்குக் கூறுகின்றான். இவ்விரு பாட்டிலும் புனிற்று மகள் பிறரால் பேசப்படுகின்றாளேயன்றித் தான் பேசவில்லை.

ஐயவியைப் பற்றி மேலும் ஒன்று கூறல் வேண்டும். புறநானூற்று 281, 296ஆம் பாட்டுகளில், போரிற் புண்பட்ட மறவனைக் காக்கும் பொருட்டு மனையில் வேம்பு செருகுதலும் ஐயவி சிதறுதலும் புகைத்தலும் கூறப்படுகின்றன. புண்பட்டவனுக்கும் ஈன்றவளுக்கும் ஒரே காப்பு அமைகின்றது. மகப்பேற்றைப் போர்க்களத்துப் புண்ணுக்கு நிகரான பேரிடராகச் சங்கச் சமுதாயம் கருதியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆகவே சுற்றத்தார் மிகுதியாகச் சூழ்ந்து நின்றமையை வெறும் அடக்குமுறை என்று கூறுதல் பொருந்தாது. இறப்பு மிக அண்மையில் நின்ற காலத்தில், தனியொருத்தி துணிதற்கு அரிய செயலைப் பலர் தாங்கினர் என்றே கொள்ளல் வேண்டும். எனினும் தாங்கியவர் காலப்போக்கில் ஆள்பவராயினர் என்பதையும் மறைத்தற்கில்லை. பொன்முடியார் புறநானூற்று 312ஆம் பாட்டில் ஈன்று பேணுதலைத் தாயின் கடனாக வகுத்தார். கடன் தாய்க்கு வகுக்கப்பட்டது. அக்கடனை எவ்வாறு ஆற்றுவது என்னும் உரிமை அவளுக்கு வகுக்கப்படவில்லை.

4. செவிலியும் மருத்துவச்சியும்

குழவியின் நலம் பற்றிய முடிவுகளில் நற்றாயினும் செவிலிக்கே பழங்காலத்துச் செல்வ மனைகளிற் சிறப்பிடம் இருந்தது. மறைபொருள் வெளிப்படுத்தற்குரியவள் ஆதலின், தாய் எனப்படுபவள் செவிலியே என்று தொல்காப்பியக் களவியல் கூறுவது, தலைவியின் களவு பற்றியதேயாயினும், தாய்மையின் அதிகாரம் பெற்றவளிடத்தினின்று வளர்த்தவளிடத்திற்குச் சென்ற நிலையை உணர்த்தும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பணிபுரிபவன். இந்நான்கும் தம்முள் வேறானவை. மகப்பேற்றிலோ, தீர்ப்பவளும் உடனிருப்பவளும் ஒருத்தியே. அவளே மருத்துவச்சி. அவள் வயிற்றைத் தடவிக் குழவியின் கிடையறிவாள், வலி வந்த பொழுது உடன் இருப்பாள், தொப்புள்கொடி அறுப்பாள், பின்னர்ப் பல நாள் வந்து தாயையும் சேயையும் குளிப்பாட்டுவாள். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இப்பணியைச் செய்தவர் நாவிதர் குலத்து மகளிர். அக்குலத்தார்க்கு மருத்துவர் என்னும் பெயர் வழங்கியதும் இதனோடு ஒத்துநோக்கத்தக்கது. ஈன்ற மனையைத் தீட்டு என விலக்கிய சமுதாயம், அத்தீட்டினுள் துணிந்து புகுந்தவளைத் தாழ்ந்தவளாக வைத்தது. ஈனும் பொழுது எவளுடைய கை இன்றியமையாததோ, அவளையே பின்னர்த் தொடாது விலக்கியமை நம் சமுதாய வரலாற்றின் மாறாத வடுக்களுள் ஒன்று.

பொது மருத்துவச் சாலைகள் மகப்பேற்றைத் தம்பால் ஈர்க்கவில்லை. கி.பி. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவச் சாலையையும், அதன் மருத்துவன், அறுவை செய்வோன், மருந்து கொணர்வோர், பணிவிடை செய்யும் பெண்டிர், நாவிதன் முதலிய பணியாளர்களையும் குறிக்கின்றது. அவ்வரிசையில் மருத்துவச்சி இல்லை. மகப்பேறு மனையின் அகத்தே, மகளிர் கையிலேயே நின்றுவிட்டது.

5. தெய்வம் கொண்ட வடிவம்

மகப்பேற்றில் நம்பிக்கை யாரை நோக்கிச் சென்றது என்பதை இரு கதைகள் தெளிவுறக் காட்டுகின்றன. ஒன்று சமண காப்பியத்தில் உள்ளது. மற்றொன்று சைவத் தலபுராணத்தில் உள்ளது.

சீவக சிந்தாமணியில் அரசி விசயை, கணவனை இழந்து, சுடுகாட்டிற் சீவகனை ஈனுகின்றாள். அவ்வேளை ஒரு தெய்வம் அவளுக்குத் துணையாக வருகின்றது. அது தெய்வ வடிவில் வரவில்லை. அவளுக்குப் பழக்கமான பணிமகளின் வடிவில் வருகின்றது. குழவியை ஆண்டே விடுத்தால் அதனை எடுத்து வளர்ப்பவன் வருவான் என்று தேற்றுகின்றது. அச்சொல்லை நம்பி விசயை குழவியை விடுத்து மறைகின்றாள். வணிகன் கந்துக்கடன் எடுத்துச் செல்கின்றான். ஒரு தாய் செய்தற்கு இதனினும் கொடிய முடிவு உண்டோ! அம்முடிவை அவள் செய்தற்கு வேண்டியது கடவுளின் ஆணையன்று; தான் அறிந்த ஒருத்தியின் குரலே.

சைவ எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் திருச்சிராப்பள்ளி இறைவர் தாயுமானவர் எனப் பெயர் பெற்ற வரலாற்றைக் கூறுகின்றது. நிறைசூல் கொண்ட இரத்தினாவதி என்பாள் தன் தாயின் வரவை எதிர்நோக்கியுள்ளாள். காவிரி பெருக்கெடுத்தமையால் தாய் அக்கரையிற் சிக்குகின்றாள். இறைவனே அத்தாயின் வடிவு கொண்டு வந்து மகப்பேறு பார்க்கின்றான். எல்லாம் வல்லவன் ஒரு சொல்லால் வலி தீர்த்திருக்கலாம். ஒரு முனிவனை அனுப்பியிருக்கலாம். ஆயினும் அவன் தாயாக வந்தான். தலைச்சன் பேறு தாய் வீட்டில், தாயின் கையால் நிகழவேண்டும் என்னும் தமிழ்ப் பெண்ணின் விருப்பம் எத்துணை வலியது என்பதற்கு இக்கதை சான்றாகும்.

இருவேறு சமயத்துக் கதைகளாயினும் இவை கூறும் நெறி ஒன்றே. இடர்க்காலத்தில் வரும் உதவி, எத்துணை உயர்ந்ததாயினும், அறிந்த பெண்ணின் முகத்தோடு வரவேண்டும். அங்ஙனம் வாராதபொழுது நிகழ்வது யாது என்பதைப் பிற்கால வரலாறு காட்டும்.

6. மருந்தும் முதற்சுவையும்

சித்த மருத்துவத்தில் பாலவாகடம் எனப்படும் நூல்வகை குழவி நோய்களைக் கூறுவது. மாந்தம், கணம், தோடம் என நோய்களைப் பகுத்து மருந்து உரைக்கும் இந்நூல்வகையிலும் அதனை ஒட்டிய வீட்டு வைத்தியத்திலும் ஒரு கொள்கை அடிப்படையாகத் திகழ்கின்றது. பாலுண்ணும் குழவிக்கு நோய் வந்தால், பாலூட்டும் தாயின் உணவையும் மருந்தையும் திருத்த வேண்டும் என்பதே அது. சேயின் நோய்க்குத் தாய் மருந்துண்ணும் இச்செயலை வைணவ வியாக்கியான மரபு பரிவுக்கு உவமையாக எடுத்தாண்டுள்ளது. இருவர் உடலையும் ஒன்றாகக் காணும் இக்கொள்கை உயர்ந்ததே. ஆயினும் அதன் மறுபக்கம், சேய்க்கு நேர்ந்த தீங்கு எதற்கும் தாயின் வாயையே பழிக்க இடம் தந்தது.

குழவிக்கு முதலில் புகட்டும் சுவை பற்றிய முடிவும் தாயினது அன்று. பல ஊர்களில் சேனை தொடுதல் என்னும் வழக்கு உண்டு. குடும்பத்தில் நற்குணம் உடையவர் எனக் கருதப்படும் மூத்தவர் ஒருவர் தேனையோ சருக்கரை நீரையோ குழவியின் நாவில் தொட்டு வைப்பார். அவர் குணம் குழவிக்கு வரும் என்பது நம்பிக்கை. சிலவிடத்துக் கழுதைப்பால் புகட்டினர். தாயிடம் முதலிற் சுரக்கும் சீம்பாலைச் செரிக்காதது என்று கருதிப் பீச்சிவிட்டதும் உண்டு. சீம்பாலில் நோயெதிர்க்கும் ஆற்றல் செறிந்துள்ளது என்றும், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் ஊட்டல் வேண்டும் என்றும், முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டா என்றும் உலக நல நிறுவனம் இன்று வலியுறுத்துகின்றது. மரபு அனைத்தும் நன்று என்பார்க்குச் சீம்பாலை விலக்கிய வழக்கு விடை கூறும். மரபு அனைத்தும் தீது என்பார்க்குத் தாய்வீட்டு ஓய்வும், பல திங்கள் நீளும் பேணுதலும் விடை கூறும்.

7. மருத்துவமனையின் வருகை

ஐரோப்பிய மருத்துவம் தமிழருக்குரிய மொழியில் மகப்பேற்றைக் கூற முற்பட்ட முதல் முயற்சிகளுள் ஒன்று ஈழத்தில் நிகழ்ந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கும் நோக்குடன் நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் 1857இல் வெளிவந்த பிரசவ வைத்தியம் ஒன்று. அறிவியல் தமிழ் வரலாற்றில் அந்நூலுக்கு உரிய இடம் பெரிது. ஆயினும் அதனைப் பயின்று வெளிவந்தோர் ஆடவராயிருந்தமையின், மொழித்தடை நீங்கியும் மனையின் வாயில் திறக்கவில்லை.

சென்னையில் 1844இல் மகப்பேற்று மருத்துவமனை தோன்றியது. அதுவே பின்னர் எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையாக வளர்ந்தது. வெளியே வாராத குலமகளிரும் கோஷா முறையில் வாழ்ந்த முசுலிம் மகளிரும் ஆண் மருத்துவரை நாடவில்லை. இந்நிலையைக் கண்டு மேரி ஷார்லீப் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து பயின்றார். 1885இல் இத்தகைய மகளிர்க்கெனத் தனி மருத்துவமனை நிறுவப்பெறக் காரணமானார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என விளங்குவது அதுவே.

1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் நிகழ்ந்த ஒன்று, முற்கூறிய இரு கதைகளின் மறுதலையாக உள்ளது. மருத்துவரான தந்தையோடு தங்கியிருந்த ஐடா ஸ்கட்டர் என்னும் இளம்பெண்ணை நாடி, ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர் வந்தனர். மூவர் மனைவியரும் மகப்பேற்று வேதனையில் இருந்தனர். தாம் மருத்துவர் அல்லர் என்றும், தம் தந்தை வருவார் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவன் தம் மனைக்குள் வருதலை மூவரும் உடன்படவில்லை. மறுநாட் காலைக்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அவ்விரவே தம்மை மருத்துவராக்கியது என்று அவர் பின்னாளிற் கூறினார். 1899இற் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்து அவர் தொடங்கிய சிறு மருத்துவப் பணியே இன்றைய வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

இந்நிகழ்ச்சியைப் பலரும் மூடவழக்கத்திற்குச் சான்றாகவே எடுத்துரைப்பர். ஈண்டு நாம் வேறொன்றை வினவுதல் வேண்டும். அம்மூன்று பெண்டிரிடம் எவரேனும் கேட்டனரா? உயிர் பிழைக்க ஆண் மருத்துவரின் கையை ஏற்றுக்கொள்வாயா என்னும் வினா அவர்கள் செவிக்குச் சென்றதாக இவ்வரலாற்றில் ஒரு குறிப்பும் இல்லை. வாயிலில் நின்று முடிவு செய்தவர் கணவர். அதன் விலையைக் கொடுத்தவர் மனைவியர்.

1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி எழும்பூர் மருத்துவமனையிற் பணிபுரிந்தார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்திற் பெண்கள் நலத்திற்கு வாதாடினார். மகப்பேற்று மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்ற ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் மகப்பேற்று நூல் 1938இல் வெளிவந்தது. அவரே 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். 1926இற் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கெனச் சென்னை மாகாணத்திற் சட்டம் வந்தது. பயிற்சி பெற்றார் பெருகினர். பழைய மருத்துவச்சி படிப்படியாக விலகினாள். 1937இற் பிரித்தானிய இந்தியாவில் பிறந்த குழந்தைகள் ஆயிரத்திற்கு 162, ஓராண்டு நிறையுமுன் இறந்தன என்பதை நினைத்தால் இம்மாற்றத்தின் இன்றியமையாமை விளங்கும்.

பயிற்சி பெற்ற பணிப்பெண்ணுக்குத் தமிழகம் தேர்ந்துகொண்ட பெயர் செவிலியர் என்பது. ஈழத்தில் தாதி என்னும் சொல் நிலைத்தது. சங்க இலக்கியத்து வளர்ப்புத் தாயின் பெயரே வெள்ளுடை அணிந்து மருத்துவமனைக்குள் வந்தது. ஊர்தோறும் சென்று கருவுற்றாரைக் கண்டு எழுதி, தடுப்பூசி இட்டு, பேற்றிற்குப் பின்னும் வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியரை மக்கள் ஏற்றுக்கொண்டமைக்கு, அவர் அறிந்த பெண்ணாக வந்தமையே முதற்காரணம் எனலாம். தாயுமானவர் கதையின் நெறியை அரசின் நலத்துறை அறிந்தோ அறியாமலோ பின்பற்றி வென்றது.

8. வணிகம் அறிந்த நெறி

இந்நெறியை வணிகரும் நன்கு அறிந்திருந்தனர். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1851இல் வில்லியம் உட்வர்டு ஆக்கிய கிரைப் வாட்டர் என்னும் குழந்தை மருந்து, தமிழ் வீடுகளிற் பாட்டி வைத்தியம் போலவே இடம்பெற்றது. அதன் பிற்காலத் தொலைக்காட்சி விளம்பரம், குழந்தை அழும்பொழுது தாய்க்குத் தாயும், அவளுக்கு அவள் தாயும் அம்மருந்தையே பரிந்துரைக்கும் வரிசையாக அமைந்தது. அயல்நாட்டுப் புட்டி, தாய்வழி மரபின் முகத்தை அணிந்துகொண்டது. பால்மாவு விளம்பரங்கள் கொழுத்த குழந்தையின் படத்தால் தாய்ப்பாலின் மீது ஐயம் எழுப்பின. 1981இல் உலக நல மன்றம் இத்தகைய விளம்பரத்திற்கு வரம்பு வகுத்தது; 1992இல் இந்தியா சட்டம் இயற்றிப் பால்மாவு, பால்புட்டி விளம்பரங்களைத் தடை செய்தது. நம்பிக்கையைப் பெறும் வழி ஒன்றே. அதனைத் தெய்வமும் கையாளும், அரசும் கையாளும், வாணிகமும் கையாளும். ஆகலின் அறிந்த முகம் என்பது மட்டும் தாயின் நலத்திற்குப் போதிய காப்பாகாது.

9. இசைவு யாருடையது?

தமிழ்நாட்டில் இன்று மகப்பேறு முழுவதும் மருத்துவமனையில் நிகழ்கின்றது எனலாம். 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி அது நூற்றுக்கு 99.6 ஆகும். 2018–20 காலத்தில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 54 ஆகக் குறைந்தது. இது நம் காலத்துப் பெரும்பேறு. இதன்பொருட்டு உழைத்த செவிலியரையும் மருத்துவரையும் எத்துணைப் போற்றினும் தகும். மகப்பேற்று உதவித்தொகையாக 1987இல் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தொடங்கிய திட்டம் 2018இல் 18,000 ரூபாய் அளவுக்கு விரிந்தமையும் போற்றத்தக்கது. தாயின் கையிற் பொருள் சேர்வது அவள் சொல்லுக்கும் வலிமை சேர்க்கும்.

அவ்வாய்வே மற்றொன்றையும் கூறுகின்றது. தமிழ்நாட்டு மகப்பேறுகளில் நூற்றுக்கு 44.9 அறுவை வழியாக நிகழ்ந்தன. உயிர் காக்கும் அறுவையை எவரும் குறைகூறார். இத்துணைப் பெருந்தொகையில், அறுவையின் காரணமும் மாற்றுவழியும் விளக்கப்பெற்று, தானே எண்ணித் துணிந்த தாயர் எத்துணையர் என்பதே வினா. சட்டம் இவ்விடத்துத் தெளிவாகவே உள்ளது. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், மனநலமுடைய வயது வந்த பெண்ணின் இசைவு ஒன்றே போதும் என வகுத்தது. கணவன் இசைவை அது கேட்கவில்லை. நடைமுறையிலோ, இசைவுத் தாளிற் கணவனோ தந்தையோ ஒப்பமிடுதலே இயல்பு எனப் பலர் கருதுகின்றனர். திண்டிவனத்து வாயிலில் நின்றவர் இன்று மருத்துவமனை வாயிலில் நிற்கின்றனர்.

சுற்றத்தின் முடிவு தாயின் மேல் ஏற்றப்பட்டதன் கொடிய வடிவம் பெண்சிசுக் கொலை. அதனைத் தடுக்க 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. குழவியைத் தொட்டிலில் விடுத்துச் சென்ற தாயரைப் பழித்தல் எளிது. விசயைக்குத் தேற்றவந்த ஒரு குரலேனும் கிடைத்தது. இவர்கட்கு அது கிடைத்ததா என்று எண்ணுதலே முறை.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. மகப்பேற்றுக் காலத்துத் துணிபு தமிழ்நிலத்தில் என்றும் பலர் கூடிச் செய்ததாகவே இருந்தது என்பது ஒன்று. அதில் நம்பிக்கை அறிந்த பெண்ணின் கையைப் பின்தொடர்ந்தது என்பதும், புதிய அறிவு அக்கையின் வழியாக வந்தபொழுது வென்றது, அல்லாதபொழுது தோற்றது என்பதும் இரண்டாவது. நம்பிக்கைக்குரியோர் மாறிவந்துள்ளனரேயன்றி, செவிலிக்கும் மாமிக்கும் மருத்துவர்க்கும் இடையே தாயின் குரல் பெரும்பாலும் கேட்கப்படாமலே நின்றது என்பது மூன்றாவது.

இவற்றுள் மூன்றாவதே நம்மால் மாற்றத்தக்கது. மருத்துவச்சி உடனிருந்தாள், ஆனால் அவளுக்கு அறிவியற் பயிற்சி கிட்டவில்லை. மருத்துவமனையில் அறிவியல் உண்டு, உடனிருத்தல் குறைந்துவிட்டது. இரண்டும் ஓரிடத்திற் சேரும்பொழுதும், தாயிடம் கேட்டல் என்னும் மூன்றாவது சேராவிடின் பயன் நிறைவுறாது. வயாக் காலத்தில் அவள் வேட்கைக்குச் செவிகொடுத்த பண்பாடு, புனிற்றுக் காலத்தில் அவள் துணிபுக்குச் செவிகொடுத்தல் இயலாத செயலன்று.

தமிழாய்வாளர்க்கு இதிற் பங்கு உண்டு. வீட்டில் ஈன்ற தலைமுறையினரும், மருத்துவச்சியராகப் பணிபுரிந்த முதியோரும் நாள்தோறும் குறைந்துவருகின்றனர். அவர்தம் சொற்களையும், பத்தியங்களின் பெயர்களையும், எதனை யார் துணிந்தனர் என்னும் நினைவுகளையும் அவர்தம் வாய்மொழியிலேயே தொகுத்தல் உடனடியாகச் செய்யத்தக்க பணி. நற்றிணைப் பாட்டிலே இமை பொருந்த உறங்கிய அப்புனிற்று மகள் என்ன நினைத்தாள் என்பதை நாம் அறிதற்கு வழியில்லை. இன்று நம்மிடையே வாழும் அவள் வழித்தோன்றல்களிடம் கேட்டறிதற்கு வழி உண்டு. காலம் மட்டுமே குறுகிவருகின்றது.